காலைக்கு இரண்டு

மாத்திரையை மட்டும் மாற்றவிடக் கூடாது. வீட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போடும்போதே லிஃப்ட்காரர் இதை முடிவு கட்டிவிட்டார். புது டாக்டர் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். எடை பார்க்கட்டும், ரத்தம் எடுக்கட்டும், நாக்கை நீட்டச் சொல்லட்டும். அந்த வெள்ளை மாத்திரையில் கை வைக்க மட்டும் விடப்போவதில்லை. ஒன்பது வருஷமாகத் தினமும் காலையில், ஒரு கையில் தண்ணீர் டம்ளரோடு வந்து, அவர் மனைவி அவருடைய உள்ளங்கையில் வைத்த மாத்திரை அது. வைத்தவள் போய் ஆறு மாதம் ஆகப்போகிறது. அவளுடைய துணிமணிகளைத் தம்பி பெண்டாட்டி வந்து பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். செருப்பை யார் தூக்கிப் போட்டார்கள் என்றே தெரியவில்லை. பிள்ளைகுட்டி கிடையாது. அவள் கையால் வந்தது என்று அவருக்கு மிச்சம் இருப்பது இந்த ஒன்றுதான். அதையும் முன்பின் தெரியாத ஒருத்தர் வந்து பிடுங்கிக்கொள்வதா என்று அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மச்சினன் கூடவே வந்தான். அவர் மனைவியின் தம்பி. லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் அவரோடு ஜோடி போட்டு வேலை பார்ப்பவன். ஒருவர் லிஃப்ட் கூண்டின் தலையில் ஏறி நின்றால் மற்றவர் மொட்டைமாடி மோட்டார் அறையில் நிற்க வேண்டும். இவர் குரல் கொடுத்தால்தான் அவன் ஸ்விட்சைத் தொடுவான். இருபது வருஷமாக ஒருத்தர் உயிரை இன்னொருத்தர் கையில் கொடுத்து வைத்திருக்கிறவர்கள். ஆனால் அவனுக்கு வாய் மட்டும் ஓயாது.

"மாமா, டாக்டர் என்ன சொன்னாலும் சரி சரின்னு தலையாட்டிட்டு வந்துடுங்க. வெளிய வந்தப்புறம் நம்ம இஷ்டம்தானே."

"மாத்திரையை மாத்தறேன்னா?"

"மாத்தினா மாத்தட்டுமே. நீங்க என்ன மாத்திரைக்கா தாலி கட்டினீங்க?"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது அவனுக்கு. நாக்கைக் கடித்துக்கொண்டு வண்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இந்த ஆறு மாதமாக அவனுடைய ஜோக்குகளுக்குக் கோபப்படக்கூட அவருக்குத் தெம்பு இல்லை.

டாக்டர் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள். பக்கத்திலேயே ஆஸ்பத்திரி லிஃப்ட். அது ஒருமுறை மேலே போய் வருவதற்குள் அவர் காது வேலையை ஆரம்பித்துவிட்டது. மூன்றாவது மாடியைத் தாண்டும்போது ஒரு முனகல்.

"தண்டவாளத்துல உரசற கைடு ஷூ எண்ணெயில்லாம காஞ்சு கிடக்கு," என்றார்.

"இது நம்ம லிஃப்ட் இல்ல மாமா. சும்மா உக்காருங்க."

அவருக்குக் காது அப்படி. கம்பிவடத்தில் ஒரு இழை விட்டிருந்தால் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவர் முதலில் காட்டுவது புகார் புத்தகத்தைத்தான். இடது பக்கம் 'சொன்னது', வலது பக்கம் 'கண்டது'. குடியிருப்பவர்கள் சொல்வதை அப்படியே இடது பக்கம் எழுதிக்கொள்ளலாம். வலது பக்கத்தில் பேனாவை வைக்க வேண்டுமென்றால் நாமே லிஃப்டில் ஏறி, மேலும் கீழுமாகப் பத்து தடவை போய்வந்து, கோளாறைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். ஐந்தாவது மாடியில் ஆடுகிறது என்பார்கள். கோளாறு மொட்டைமாடியில் இருக்கும். 'கோளாறு ஒன்றும் இல்லை' என்று எவனாவது வலது பக்கம் எழுதிவிட்டு வந்தால் போச்சு, அன்றைக்கு அவனைக் கிழித்துத் தொங்கவிட்டுவிடுவார். ஒருத்தன் கூப்பிட்டிருக்கான்னா ஏதோ இருக்குடா, போய் மறுபடி ஏறு என்பார். இவ்வளவு கறாரான மனுஷன்தான் இவர் என்பதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

பழைய டாக்டர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். புதியவருக்கு முப்பத்தைந்து வயது இருந்தால் அதிகம். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு, அவருடைய தடித்த ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார். மேஜைக்கு இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி. லிஃப்ட்காரர் பழக்கதோஷத்தில் இடது நாற்காலியில் உட்கார்ந்தார். வலது நாற்காலி அவளுடையது. ஒன்பது வருஷமும் அவள்தான் அதில் உட்கார்ந்து பேசுவாள். இவர் சுவரில் சுற்றும் விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் டாக்டர், "என்ன, உங்க வீட்டம்மா சொல்றது சரிதானே?" என்று கேட்பார். இவர், "ஆமா" என்பார். வைத்தியம் முழுக்க நடந்தது இந்த ஒற்றை ஆமாவில்தான்.

"வேற யாராச்சும் வர்றாங்களா சார்?" டாக்டர் காலி நாற்காலியைப் பார்த்துக் கேட்டார்.

"இல்ல டாக்டரம்மா. எப்பவும் அவ வருவா. இப்ப இல்ல. போயிட்டா."

டாக்டர் தலைமேலிருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார். எப்போது, எப்படி என்று கேட்டார். பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தாள், டோக்கன் கொடுத்துக்கொண்டு இருக்கும்போதே மேஜையில் சாய்ந்துவிட்டாள், ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள் என்று இவர் சொன்னார். வேலைப் புத்தகத்தில் எழுதியதைப் படிக்கிற மாதிரி சொல்லி முடித்தார்.

"இன்னியோட நூத்தி எழுபத்தாறு நாள்."

டாக்டர் ஃபைலை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"ஃபைலைப் பூரா படிச்சேன் சார். உங்களுக்கு மொதல்ல குடுத்த மருந்துல தூக்கம் தூக்கமா வந்திருக்கு, வேலைக்கு ஆபத்துன்னு நிறுத்தியிருக்காங்க. அப்புறம் மனச்சோர்வுக்கு இந்த செர்ட்ராலின். ஆறு வருஷத்துக்கு முன்னாடி டோஸை ரெட்டிப்பாக்கியிருக்காங்க. ஆனா அதுக்கப்புறமும் பெருசா எதுவும் மாறின மாதிரி தெரியலையே?"

"அப்படியேதான் இருக்கேன்."

"அப்படியேன்னா?"

இந்த மாதிரி கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. வலது பக்கம் திரும்பினார். காலி நாற்காலிதான் இருந்தது. சொல்லித்தானே ஆக வேண்டும்.

"எல்லாம் தூரத்துல நடக்கற மாதிரி இருக்கும். சாப்பாடு வாயில மண்ணு மாதிரி. வேலை செய்வேன். கை நடுங்காது, அது வரைக்கும் சரி. ஆனா அழுகை வராது. அவளைத் தூக்கிட்டுப் போனப்பகூட வரலை. எல்லாரும் என் மூஞ்சியையே பாத்தாங்க."

டாக்டர் எழுதிக்கொண்டார். பிறகு ஒவ்வொன்றாக விளக்கினார். மருந்தையே மாற்றலாம், ஒன்று இருக்கிறது, இரவில் தூக்கம் கொடுக்கும், பசி எடுக்கும், ஆனால் ஆரம்பத்தில் பகலிலும் அசத்தும், உயரத்தில் நிற்கிற வேலைக்கு யோசிக்க வேண்டும். இன்னொன்று இருக்கிறது, அசத்தாது, ஆனால் ரத்த அழுத்தத்தை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் இப்போது சாப்பிடுவதையே இன்னும் கூட்டலாம். கூடவே வாரம் ஒருநாள் ஒருவரிடம் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவது.

"உங்களுக்கு எது சரிப்படும்னு தோணுது? நீங்களும் சேர்ந்து முடிவு பண்ணணும்."

"இருக்கறதையே எழுதிக் குடுங்க. மாத்த வேண்டாம்."

"ஏன் சார்? அதுல பலன் தெரியலைன்னு நீங்களேதானே சொல்றீங்க."

"மாத்த வேண்டாம்மா." குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. ஒற்றைக்காலில் நிற்கிற சின்னப்பிள்ளை மாதிரி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் வற்புறுத்தவில்லை. "சரி. கையில எவ்வளவு இருக்கு?" என்றார்.

அவர் சட்டைப்பையிலிருந்து பட்டையை எடுத்து வைத்தார். பத்தில் நான்கு மிச்சம். டாக்டர் அதைப் பார்த்தார், ஃபைலின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார், மறுபடி பட்டையைப் பார்த்தார்.

"இதை எப்ப வாங்கினது?"

"அவ போறதுக்கு மொத நாள் சாயங்காலம் வாங்கிட்டு வந்தா. பதினெட்டுப் பட்டை."

"அது மூணு மாசத்துக்கு எழுதினது. மூணு மாசம் முன்னாடியே தீர்ந்திருக்கணுமே. நடுவுல விட்டுட்டீங்களா? விட்டிருந்தா சொல்லுங்க, திட்டமாட்டேன். நிறைய பேர் விடுவாங்க."

லிஃப்ட்காரருக்குச் சுர்ரென்று ஏறியது. "யாரு, நானா? அவ போன மறுநாள் காலைல, வீடு முழுக்க ஜனம் நிக்கும்போது, சமையலறைல அவ மாத்திரை வைக்கற பிஸ்கட் டப்பாவைத் தேடி எடுத்து மாத்திரையை முழுங்கினேன். ஒருநாள் விட்டதில்லை. அவ குடுத்ததை நான் விடுவேனா?"

"காலைல எத்தனை சாப்பிடறீங்க?"

"ஒண்ணு."

"ரெண்டுன்னு போட்டிருக்கு சார்."

"ஒண்ணுதாம்மா. ஒன்பது வருஷமா ஒண்ணுதான். அவ என் கையில வைக்கறதே ஒண்ணுதான்."

டாக்டர் சீட்டைத் திருப்பிக் காட்டினார். காலைக்கு இரண்டு. அவர் படிக்காத சீட்டு. மோட்டார் கையேட்டைக் கடைசி திருகாணி வரைக்கும் படிக்கிற மனுஷன், தன் வாய்க்குள் போகிற மாத்திரையின் சீட்டை ஒன்பது வருஷத்தில் ஒருநாள் பிரித்துப் பார்த்ததில்லை. இதை என்னவென்று சொல்வது? எனக்கே கோபம் வருகிறது.

டாக்டர் பக்கங்களைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனார். ஆறு வருஷத்துக்கு முந்தைய ஒரு பக்கத்தில் நின்றது விரல்.

"இங்கதான் ஏத்தியிருக்காங்க. உங்க மனைவி சொல்லியிருக்காங்க. 'ஒரு மாத்திரை போதவில்லை. விடியற்காலையில் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுகிறார்.'"

லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு வந்தது. உண்மையாகவே சிரித்துவிட்டார். "நானா அழுதேன்? அழுகை வரலைன்னுதானே இப்ப உங்ககிட்ட சொன்னேன்."

"ஆனா கீழேயே எழுதியிருக்காரு. 'கேட்டதற்கு ஆமாம் என்றார்.'"

"அது நான் எல்லாத்துக்கும் சொல்றது. அவ கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவா. பத்து சொன்னாத்தான் டாக்டருங்க அஞ்சு நம்புவாங்கன்னு எனக்காக..."

அந்த இடத்தில் அவர் பேச்சு நின்றுவிட்டது.

குழாய்ச் சத்தம். அவருக்குத் தெரியும் அந்தச் சத்தம். அவர் காதுக்குத் தப்புமா? விடியற்காலையில் விழிப்பு வந்தால் குளியலறைக் குழாய் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு நாள் கேட்டார், மூன்றாம் நாள் அவளிடம் கேட்டார். "குழாய் சரியா மூட மாட்டேங்குதுங்க. நான்தான் எழுந்து போய் அழுத்தி மூடிட்டு வரேன்," என்றாள். அன்றைக்கே வாஷரை மாற்றினார். கழற்றிய பழைய வாஷரை விரலில் வைத்து நசுக்கிப் பார்த்தார். தேயவே இல்லை, கல் மாதிரி இருந்தது. என்னடா இது என்று நினைத்தார். நினைத்துவிட்டு, சரி போகிறது என்று புதியதைப் போட்டு முடுக்கினார். சத்தம் நிற்கவில்லை. மறுபடி மாற்றினார். மூன்றாவது முறை எரிச்சலில் குழாயையே பிடுங்கிப் போட்டுவிட்டு, சத்தமே வராத நல்ல குழாயாகப் பார்த்து வாங்கி வந்து பொருத்தினார். அவள்தான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டார்ச் பிடித்தாள். முடிந்ததும், "இப்ப சரியாயிடுச்சா பாரு," என்றார் இவர். அவள் திறந்து பார்த்தாள். தண்ணீர் சத்தமில்லாமல் விழுந்தது. "ஆயிடுச்சுங்க," என்றாள்.

"சார்? தண்ணி குடிக்கிறீங்களா?"

"அடுத்தது என்ன எழுதியிருக்கு?"

"எது?"

"அந்தப் பக்கத்துக்கு அடுத்த பக்கம். படிங்கம்மா."

டாக்டர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பினார். "ரெண்டு மாசம் கழிச்சு வந்திருக்கீங்க. 'தூக்கம் சற்றுப் பரவாயில்லை. வீட்டில் அழுவதற்குக்கூட இடமில்லை என்கிறார்.'"

லிஃப்ட்காரர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ," என்றார். அவ்வளவுதான் வந்தது வாயிலிருந்து.

டாக்டருக்கும் விஷயம் மெல்லப் புலப்பட்டது. "அப்ப அந்த ரெண்டாவது மாத்திரை..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"அவ சாப்பிட்டிருக்கா."

அவரே பேசினார்.

"பல் டாக்டர்கிட்ட இவளுக்கு முன்னாடி வேலை பாத்த பொண்ணு இந்த மாதிரி மாத்திரை சாப்பிடறது தெரிஞ்சு நிறுத்திட்டாங்களாம். அதை வந்து சொன்னா. எதுக்குச் சொன்னான்னு அப்ப நான் யோசிக்கலை. இன்னொரு நாள் கேட்டேன், நீ ஏன் இளைச்சுட்டேன்னு. 'ஒரு வீட்ல ரெண்டு பேரும் படுத்துட்டா எழுப்பறது யாருங்க'ன்னு சிரிச்சா. நானும் சிரிச்சேன். சிரிச்சேன் டாக்டரம்மா."

வெளியே கதவைத் தட்டினார்கள். அடுத்த நோயாளியின் நேரம். டாக்டர் எழுந்து போய், பத்து நிமிஷம் பொறுக்கச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எல்லாத்தையும் படிங்க," என்றார் லிஃப்ட்காரர். "மொதல்லேர்ந்து. எது நான், எது நான் இல்லன்னு சொல்றேன்."

அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். டாக்டர் படித்தார். மோட்டார் அறைத் தரையில் இரண்டு மணி நேரம் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். "நான்." பசியில்லை. "நான்." பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விடுகிறார். அவர் பஸ்ஸில் போகிறவரே இல்லை, கம்பெனி வண்டிதான். "நான் இல்ல." வீட்டுக்குள் போகப் பிடிக்காமல் மாடிப்படியில் அரைமணி நேரம் நிற்கிறார். "நான் இல்ல." நாள் முழுக்கச் சிரித்துச் சிரித்துத் தாடை வலிக்கிறது. "நான் இல்ல." ஒவ்வொரு 'நான் இல்ல'வுக்கும் டாக்டர் பென்சிலால் வட்டம் போட்டார். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு இருந்த வட்டம் போகப்போகக் கூடிக்கொண்டே போனது. கடைசி இரண்டு வருஷத்தில் வட்டம் இல்லாத வரியே இல்லை. எல்லாவற்றின் கீழும் அதே குறிப்பு: கேட்டதற்கு ஆமாம் என்றார்.

அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துதான் அவள் இத்தனையும் சொல்லியிருக்கிறாள். வேறு எங்கே சொல்வாள்? வீட்டில் அவர் படுத்திருப்பார், இல்லை வேலையில் இருப்பார். அவர் நகர முடியாமல் உட்கார்ந்து கேட்டாக வேண்டிய இடம் உலகத்திலேயே இந்த ஒரு அறைதான். இங்கே கொண்டுவந்து உட்கார வைத்து, ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் விசிறியைப் பார்த்துக்கொண்டு ஆமா போட்டார்.

"கடைசியா ஒண்ணு இருக்கு," என்றார் டாக்டர். தயங்கினார். "படிக்கட்டுமா?"

"படிங்க."

"'எப்படி இருக்கே என்று வீட்டில் ஒருவரும் தன்னைக் கேட்பதில்லை என்கிறார்.'"

வீட்டில் இருந்ததே இரண்டு பேர். மாத்திரையைக் கையில் வைக்கும்போது தினமும் அவள் கேட்பாள், "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று. ஒன்பது வருஷம், ஒரு காலை விடாமல் கேட்டாள். இவர் "அப்படியேதான்" என்பார், தண்ணீரைக் குடிப்பார், டம்ளரைத் திருப்பிக் கொடுப்பார். திருப்பிக் கேட்டதாக ஒரு நாளாவது ஞாபகம் வருகிறதா என்று அவர் தேடிப் பார்த்தார். ஒரு நாளும் இல்லை.

"நான் இல்ல," என்றார். டாக்டர் அதற்கும் வட்டம் போட்டார்.

பிறகு அவர் கேட்டார். "அந்த மாத்திரைதான் அவளை..."

"இல்ல சார். நீங்க சொல்றதை வச்சுப் பாத்தா இல்ல. அடைப்பு தனி நோய். அந்தப் பழியை நீங்க இந்த மாத்திரை மேலயும் போடாதீங்க, உங்க மேலயும் போடாதீங்க."

"அவளுக்கு அது கேட்டுச்சா? கொஞ்சமாவது நல்லா இருந்தாளா?"

"எனக்கு... அது எனக்கு..." டாக்டருக்கும் வார்த்தை குழறியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குத் தெரியாது சார். நான் அவங்களைப் பாத்ததில்ல."

"நானும் பாக்கலை," என்றார் லிஃப்ட்காரர்.

அழுகை வரும் என்று டாக்டர் எதிர்பார்த்திருப்பார் போல. காகிதக் கைக்குட்டைப் பெட்டியை மெதுவாக அவர் பக்கம் நகர்த்தினார். அவர் அதைப் பார்த்தார். கண் காய்ந்தே இருந்தது.

"பாருங்க, இப்பவும் வரலை," என்றார்.

டாக்டர் புதுத்தாள் ஒன்றை எடுத்தார். மெதுவாகத்தான் பேசினார். இத்தனை நாள் இந்த மருந்து வேலை செய்யவில்லை என்று எல்லோரும் நினைத்தது தப்பு. அவருக்குப் போனது பாதி அளவுதான். மருந்தை மாற்றுவதற்கு முன்னால் முழு அளவைக் கொடுத்துப் பார்ப்பதுதான் நியாயம். காலைக்கு இரண்டு. முதல் வாரம் வயிற்றைப் பிரட்டும், தலை லேசாகச் சுற்றலாம், அதனால் ஒரு வாரம் கூண்டின் தலையில் ஏற வேண்டாம். நாலு வாரத்தில் திரும்ப வர வேண்டும். அதற்குள் ரொம்ப முடியாமல் போனால், உயிரை விட்டுவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தால்கூட, அந்த நிமிஷமே போன் பண்ண வேண்டும்.

மாத்திரையை மாற்றவிடக் கூடாது என்று கிளம்பி வந்தவர் இப்போது வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"மாத்திடுங்க டாக்டரம்மா. வேற எதை வேணா குடுங்க. அந்த ரெண்டாவதை நான் முழுங்க மாட்டேன். அது அவளுது."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "மருந்துன்னு பாத்தா உங்களுக்கு இதுதான் சரி சார். வேணும்னா ஒண்ணு பண்ணலாம். இதே அளவு ஒரே மாத்திரையாவும் வருது. ரெண்டுன்னே தெரியாது. அப்படி எழுதட்டுமா?"

எழுதியிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். ஒரு மாத்திரை, ஒரு வாய்த் தண்ணீர், பழையபடி ஒன்றும் தெரியாமல் விழுங்கிவிட்டு வேலைக்குப் போகலாம். லிஃப்ட்காரர் அந்தக் காலி நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வேண்டாம். ரெண்டாவே எழுதுங்க. நான் பாத்து எடுத்துக்கணும்."

டாக்டர் எழுதினார். இந்தத் தடவை அவர் சீட்டை வாங்கி, மேலிருந்து கீழ் வரைக்கும் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் மடித்தார்.

வெளியே மச்சினன் எழுந்து நின்றான். "என்ன மாமா இவ்வளவு நேரம்? உங்களையே டாக்டராக்கிட்டாங்களோன்னு பாத்தேன். மாத்திரையை மாத்திட்டாங்களா?"

அவர் அவன் முகத்தைப் பார்த்தார். தினமும் பார்க்கிற முகம்தான். தாடையில் இரண்டு மூன்று நாள் மழிக்காத முடி, அதில் பாதி நரை. அது எப்போது நரைத்தது? சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது. அக்கா கையில் வளர்ந்தவன் அவன். அவளுக்கும் அவனுக்கும் பதினோரு வயசு வித்தியாசம்.

"நீ எப்படிடா இருக்கே?" என்றார்.

"எனக்கென்ன மாமா, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். வாங்க, வண்டி எடுக்கலாம்."

கோளாறு ஒன்றும் இல்லை. வலது பக்கம் எழுதிவிட்டுப் போய்விடலாம். லிஃப்ட்காரர் போகவில்லை. பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் முழங்கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"எப்படி இருக்கேன்னு கேட்டேன்."

மச்சினன் ஏதோ ஜோக் சொல்ல வாயைத் திறந்தான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"காலைல ஏழு மணிக்கு அக்கா போன் பண்ணும்ல மாமா. சாப்டியாடான்னு. இப்பவும் ஏழு மணிக்கு போனை கையில வச்சுக்கிட்டு உக்காந்துக்கறேன். என் பொண்டாட்டி திட்டுவா, இருந்தாலும் உக்காந்துக்கறேன். கிறுக்குத்தனம்னு தெரியுது. யாருகிட்ட போய்ச் சொல்றது?" முகத்தைப் புறங்கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டான். "அதை விடுங்க. உள்ள என்னதான் மாமா நடந்துச்சு?"

லிஃப்ட் மேலே போனது. மூன்றாவது மாடியைத் தாண்டும்போது முனகியது. லிஃப்ட்காரர் திரும்பவில்லை. அவன் முழங்கையில் வைத்த கையையும் எடுக்கவில்லை.

"அதை அப்புறம் சொல்றேன். மொதல்ல நீ சொல்லு."